குறி கட்டையில் இருக்கிறது



மண்வெட்டிக்குக் காம்பு போடுகிற வேலை தோட்டத்துக் குடும்பங்களுக்குப் புதியதல்ல. இரும்புத் தலை எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும், காம்பு அதில் சரியாக உட்காராவிட்டால் வெட்டு நினைத்த இடத்தில் விழாது. வெயில் காலத்தில் மரம் சுருங்கிவிடும். மண்வெட்டி ஆடத் தொடங்கும். அப்போது நம் பெரியவர்கள் அதைத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். மரம் ஊறி இறுகிக்கொள்ளும். அதுவும் போதாதென்றால் ஓர் ஆப்பு அடிப்பார்கள். இரும்புக்கும் மரத்துக்கும் உள்ள இந்த உறவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். ஆனால் மண்வெட்டியை வைத்து அல்ல, துப்பாக்கியை வைத்து.

துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இன்று மாடிக் கட்டடங்களும் கடைத்தொகுதிகளுமாக நிற்கிறதே சுபாங் ஜெயா, அது 1976ஆம் ஆண்டில் நகராக உருவாகத் தொடங்கியது. அதற்கு முன் அந்த நிலம் சீஃபீல்டு தோட்டத்தின் ரப்பர்க் காடு. அதே சுபாங் வட்டாரத்தில்தான் நாட்டின் தேசியத் துப்பாக்கி சுடும் திடல் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது துப்பாக்கி சுடும் போட்டிகள் அங்கேதான் நடந்தன. அங்கே துப்பாக்கி ஒரு விளையாட்டுக் கருவி. ஆனால் இதே கிள்ளான் பள்ளத்தாக்கில், நம் பாட்டன் பாட்டி காலத்தில், துப்பாக்கி லயத்து வாசல்வரை வந்து நின்றது. அதன் குறி பிசகினால் யாருடைய உயிர் போகும் என்பது அன்று வெறும் பேச்சாக இருக்கவில்லை.

துப்பாக்கி எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். அதற்கு இரண்டு உடல்கள் உண்டு. ஒன்று இரும்பு உடல். அதில் குழலும், தோட்டாவைப் பூட்டி வெடிக்க வைக்கும் பொறியும் சேர்ந்திருக்கும். மற்றொன்று மரக்கட்டை. தோளில் அணைக்கிற பகுதி அடிக்கட்டை. இடக்கை தாங்குகிற பகுதி முன்கட்டை. பொறியை மரத்தில் குடைந்த பள்ளத்துக்குள் அசையாமல் இருத்தி, திருகாணி போட்டு இறுக்குகிறார்கள். இப்படி இரும்பை மரத்தில் பதிக்கும் வேலையில்தான் துப்பாக்கியின் நேர்த்தி இருக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். குழல் நேராக இருந்தால் போதாதா என்பார்கள். போதாது.

ஏன் போதாது? தோட்டா வெடிக்கும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ரவை முன்னே பாய்கிறது. அதே வேகத்தின் எதிர்விசையாகப் பொறி பின்னே உதைக்கிறது. அந்த உதையை வாங்குவது மரம். கூடவே குழல் முழுவதும் வீணைத் தந்தியைப் போல் அதிர்கிறது. தந்தியில் விரல் படும் இடம் மாறினால் சுரம் மாறுகிறது அல்லவா? அதுபோல், குழலை மரம் தொடும் இடமும் அழுத்தமும் மாறினால் அதிர்வு மாறும். ரவை வெளியேறும் அந்த நொடியில் குழலின் வாய் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறதோ, ரவை அங்கேதான் போகும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழலின் நீளம் 64 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்புறம் இருந்த இடத்திலேயே இருக்க, குழல்வாய் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகுகிறது. 100 மீட்டர் தூரத்தில் ரவை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். கையை விரித்தால் ஒரு சாணுக்கும் குறைவு. 300 மீட்டரில் அது ஏறத்தாழ அரை மீட்டர். அவ்வளவு தூரத்தில் நிற்கும் இரண்டு மனிதர்களுக்கு இடையே உள்ள இடைவெளி அதைவிடக் குறைவாகவே இருக்கலாம். ஈர மரம் ஒரு மில்லிமீட்டர் வீங்குவது பெரிய அதிசயமல்ல என்பதை ஆசாரி வேலை தெரிந்த எவரும் சொல்வார்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளிலெல்லாம் அரை நூற்றாண்டுக்கு மேல் புழங்கிய துப்பாக்கி லீ-என்ஃபீல்டு. நம் பெரியவர்கள் இதைத் திரீ-நாட்-திரீ என்பார்கள். ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் அமைத்த பொறியும், லண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டு ஆலையில் உருவான குழலும் சேர்ந்து 1895ஆம் ஆண்டு இந்தப் பெயரைப் பெற்றன. 1907ஆம் ஆண்டு வந்த குட்டைக் குழல் வகை இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டது.

இந்தத் துப்பாக்கியில் மரம் வேலைக்காரன் மட்டுமல்ல, பங்காளியும்கூட. பொறியின் பின்பக்கம், இடமும் வலமுமாக, இரண்டு மரப் பரப்புகளின் மேல் சாய்ந்து உட்காரும். உதை முழுவதையும் அந்த இரண்டு பரப்புகளும் சமமாக வாங்க வேண்டும். ஒன்று மட்டும் வாங்கினால், ஒற்றைக் காலில் நிற்பவனைப் போல் பொறி ஒவ்வொரு சுடுதலிலும் ஒரு பக்கம் திரும்பும். குழலின் அடிப்பகுதி மரத்தில் தட்டையாகப் படிய வேண்டும். முன்பகுதியில் மரம் குழலை மெல்ல மேல்நோக்கித் தாங்க வேண்டும். நடுவே எங்கும் உரசக்கூடாது.

இதை எந்த இயந்திரத்தாலும் முழுமையாகச் செய்ய முடியவில்லை. கடைசி வேலை கைவேலையாகவே இருந்தது. பொறியின் அடியில் கரி மையோ சாயமோ தடவி மரத்தில் வைத்து அழுத்துவார்கள். எடுத்துப் பார்த்தால் மேடு எங்கே என்று மை காட்டிக் கொடுக்கும். அந்த இடத்தை மட்டும் உளியால் சுரண்டுவார்கள். மீண்டும் மை, மீண்டும் அழுத்தம், மீண்டும் சுரண்டல். மை எங்கும் சமமாகப் படியும்வரை இது தொடரும். கதவை நிலையில் பொருத்தும் தச்சர் செய்வதும் இதுதானே! ஒருமுறை கூடுதலாகச் சுரண்டினால் மேடு பள்ளமாகிவிடும். செதுக்கிய மரத்தை ஒட்ட வைக்க முடியாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு இந்த நிதானம் நன்றாகப் புரியும். பட்டையை மெல்லச் சீவ வேண்டும். உளி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடம் அடுத்த சுற்று வெட்டுக்கு முடிச்சாக நிற்கும்.

நல்ல கட்டைக்கு அக்ரூட் மரம்தான் வேண்டும் என்பது ஐரோப்பாவின் பழைய முடிவு. அது கனமில்லாதது, வலுவானது, ஈரத்துக்கு அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. ஆனால் பேரரசின் எல்லா ஊரிலும் அக்ரூட் கிடைக்குமா? ஆஸ்திரேலியாவில் லித்கோ என்னும் ஊரில் துப்பாக்கி ஆலை இருந்தது. அவர்கள் உள்ளூர் மரங்களைக் கட்டைக்கு எடுத்தார்கள். அவை மென்மையானவை. பொறி உதைக்க உதைக்க, அது சாயும் பரப்பு நசுங்கிவிட்டது. அங்கிருந்தவர்கள் கண்ட வழி எளிமையானது. உதை விழும் இரண்டு இடங்களிலும் சிறு செம்புத் தகடுகளைப் பதித்தார்கள். மரம் நசுங்கவில்லை; குறியும் நிலைத்தது.

வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இச்சாப்பூர் என்ற ஊரில் இந்தியாவின் துப்பாக்கி ஆலை இருந்தது. அந்த நாட்டு வெயிலிலும் மழையிலும் கட்டையின் பின்முனை பிளந்தது. இச்சாப்பூர்க்காரர்கள் பிற்காலத்தில் முன்கட்டையின் குறுக்கே ஒரு வலுவான திருகாணியைச் செலுத்தி அதைக் கட்டினார்கள். இன்றும் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் அதை இச்சாப்பூர்த் திருகாணி என்றே அழைக்கிறார்கள். ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. அதை முதலில் செலுத்திய தொழிலாளியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்த இரண்டு ஆலைகளின் துப்பாக்கிகளும் மலாயாவுக்கு வந்தன. 1941ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் படையும் இந்தியப் படையும் இங்கே நிறுத்தப்பட்டிருந்தன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது அவர்களுடைய ஆயுதங்கள் ஜப்பானியர் கைக்குப் போயின. அவற்றில் ஒரு பகுதி பிறகு நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்துக்கு வந்தது. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. அதன் தலைவி சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன். கோலாலம்பூரிலிருந்து சென்ற ஜானகி பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் இந்நாட்டுப் பொதுவாழ்வில் சிறந்து விளங்கினார். அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பலர் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள். அதுவரை பால் வாளி சுமந்த தோள்களில் ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ள துப்பாக்கி ஏறியது.

போர் முடிந்தது. 1948 ஜூன் மாதம் பேராக்கில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை, 12 ஆண்டுகள் நீடித்தது. தோட்டங்களைக் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 40,000ஐத் தாண்டியது. லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. காட்டோரத்து வீடுகள் பெயர்க்கப்பட்டு ஓரிடத்தில் சேர்க்கப்பட்டன. விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும் பாதையிலும், வெட்டுக் காட்டின் ஓரத்திலும் துப்பாக்கியோடு காவலர் நின்றார். ஒரு பக்கம் காட்டுக்குள் இருந்தவரின் துப்பாக்கி, மறுபக்கம் காவலரின் துப்பாக்கி. நடுவே பால் வெட்டுகிற குடும்பம்.

அந்த நாள்களில் மலாயாக் காடுகளில் பிரிட்டிஷ் சிப்பாய்களும் போலீசாரும் எடுத்துச் சென்ற துப்பாக்கிகளில் ஒன்றுக்குக் காட்டுத் துப்பாக்கி என்று பெயர் விழுந்தது. லீ-என்ஃபீல்டு வரிசையில் அது ஐந்தாம் எண். 1944 முதல் 1947 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. புதர்க்காட்டில் நீளத் துப்பாக்கி மாட்டிக்கொள்ளும், கனமும் அதிகம். ஆகவே குழலைக் குறுக்கினார்கள். பொறியிலும் குழலின் அடிப்பகுதியிலும் இரும்பை அங்கங்கே வழித்தெடுத்தார்கள். முன்கட்டையைப் பாதியாக வெட்டினார்கள். எடை ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது. எடை குறைந்ததால் உதை கூடியது. அதைத் தாங்க அடிக்கட்டையின் முனையில் ஒரு ரப்பர்த் துண்டை வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் துப்பாக்கி பிறந்த 1944இல் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் ஜப்பானியர் கையில் இருந்தன!

பார்வைக்கு அழகான துப்பாக்கி, கைக்கும் இலேசு. ஆனால் விரைவிலேயே ஒரு புகார் எழுந்தது. இன்று திடலில் சுட்டுக் குறியைச் சீராக்கி வைத்தால், சில நாள் கழித்து அதே துப்பாக்கி வேறிடத்தில் அடிக்கிறது என்றார்கள். குறி அலைகிறது என்பதே அந்தப் புகார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி உண்டு. சுடத் தெரியாதவர்கள் துப்பாக்கியைக் குறை சொல்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். இராணுவத்தார் சோதித்துப் பார்த்தார்கள். குறை அமைப்பிலேயே இருக்கிறது, தீர்க்க முடியாது என்று முடிவு செய்தார்கள். உற்பத்தி நின்றது. அந்த முடிவு சரிதானா, புதிய வகைத் துப்பாக்கி வாங்குவதற்காகக் குறையைப் பெரிதாக்கினார்களா என்று வல்லுநர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

வாதம் எப்படியிருந்தாலும் பாடம் ஒன்றுதான். நீளக் குழலும் கனத்த இரும்பும் முன்னே தாங்கும் மரமும் சேர்ந்து ஒரு சமநிலை உண்டாகியிருந்தது. எடையைக் குறைக்க ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்தபோது, இரும்பு மரத்தில் உட்காரும் விதமே மாறிப்போயிற்று. கூடவே மலாயாவின் ஈரம். அதிகாலையில் பனியும் பிற்பகலில் மழையுமாக இருக்கும் இடத்தில் மரம் ஒருநாளும் ஓய்வதில்லை. ஊறும், காயும், மீண்டும் ஊறும். அதனால்தான் சிப்பாய்கள் ஆளி விதை எண்ணெயைக் கட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இங்கே ஓர் எண்ணத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். குறி பிசகாத துப்பாக்கி வேண்டும் என்பது நியாயம். தோட்டத்தைக் காக்க நிற்பவரின் ரவை வழி தவறி லயத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும்? ஆனால் குறி நேராக இருப்பது வேறு, குறி வைப்பவரின் நெஞ்சு நேராக இருப்பது வேறு. 1941 மே மாதம் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1948 டிசம்பரில், இதே சிலாங்கூரில் பத்தாங் காலியில், ஆயுதமில்லாத 24 சீனத் தோட்டத் தொழிலாளர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்களால் கொல்லப்பட்டார்கள். அவர்களின் குடும்பத்தார் தொடுத்த வழக்கு 2015ஆம் ஆண்டு லண்டன் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. விசாரணை வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை அங்கும் ஏற்கப்படவில்லை. அந்த இரண்டு இடங்களிலும் துப்பாக்கியின் குறி பிசகியதாக யாரும் சொல்லவில்லை. மரத்தையும் இரும்பையும் இணைக்கும் கலை எவ்வளவு உயர்ந்தாலும், மனிதனின் நீதியை அதனால் சீர்செய்ய முடியாது.

சரி, போர்க்களத்தை விட்டு விளையாட்டுத் திடலுக்கு வருவோம். இங்கிலாந்தில் பிஸ்லி என்னும் இடத்தில் ஆண்டுதோறும் பெரிய துப்பாக்கி சுடும் போட்டி நடக்கிறது. அங்கே ஃபுல்டன் என்றொரு குடும்பம். தந்தை ஜார்ஜ் 1888இல் அரசியின் பரிசை வென்றார். மகன் ஆர்தர் 1912, 1926, 1931 ஆகிய மூன்று ஆண்டுகளில் அரசரின் பரிசை வென்றார். பேரன் ராபின் 1958இல் அரசியின் பரிசை மீண்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுடுவது மட்டும் அவர்கள் தொழிலல்ல. மற்றவர்களின் லீ-என்ஃபீல்டுகளை வாங்கி, பொறியைக் கட்டையில் திருத்திப் பதித்துக் கொடுப்பதில் அந்தக் குடும்பத்தின் கடை பெயர் பெற்றிருந்தது. ஆலையிலிருந்து வந்த அதே இரும்பு, அதே மரம். உட்கார வைத்த விதம் மட்டுமே வேறு.

1950களுக்குப் பிறகு வேலை எளிதாயிற்று. மரத்தின் பள்ளத்தை வேண்டுமென்றே சற்றுப் பெரிதாகக் குடைந்து, கண்ணாடி இழை கலந்த பிசினை அதில் நிரப்பி, பொறியை அதன் மேல் இருத்துகிறார்கள். பிசின் ஒட்டாதிருக்க இரும்பில் மெழுகு பூசியிருப்பார்கள். பிசின் இறுகியதும் பொறியின் வடிவம் அச்சு எடுத்தாற்போல் அதில் பதிந்துவிடும். பற்கட்டு செய்யும் மருத்துவர் வாயில் அச்சு எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே முறைதான். திருகாணி போகும் துளைகளில் உலோகக் குழாய்களை வைத்தால், எவ்வளவு இறுக்கினாலும் மரம் நசுங்காது. குழலைப் பொறுத்தவரை மரம் அதைத் தொடவே கூடாது என்பது இன்று பலரும் கைக்கொள்ளும் முறை. குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு காகிதம் தடையின்றிப் போக வேண்டும். முன்பு மரம் குழலைத் தாங்கியது. இப்போது விலகி நிற்கிறது. முறைகள் எதிரெதிரானவை, நோக்கம் ஒன்று. நேற்று எப்படி உட்கார்ந்ததோ, இன்றும் நாளையும் இரும்பு அப்படியே உட்கார வேண்டும்.

இப்போது போட்டித் துப்பாக்கிகள் பலவற்றில் கட்டையே அலுமினியத்தால் ஆனது. மழையைக் கண்டு அது வீங்குவதில்லை. 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் கலந்துகொண்டதை உலகமே வியந்து பார்த்தது. கடலூரில் பிறந்த தமிழ்ப்பெண் இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டு இதே பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் உலகக் கிண்ணத் தங்கம் வென்றார். நம் பிள்ளைகளுக்கும் இந்த விளையாட்டில் ஆர்வம் வந்தால் சங்கத்தின் வழியாக, பயிற்றுநரின் மேற்பார்வையில்தான் தொட வேண்டும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது இந்நாட்டில் பெருங்குற்றம். பழைய வீட்டில் கிடைத்தது என்றாலும் போலீசிடம் தெரிவிப்பதே முறை.

நேயர்களே, லித்கோவின் செம்புத் தகடும் இச்சாப்பூரின் திருகாணியும் படிப்பறையில் பிறந்தவை அல்ல. மரத்தைத் தொட்டு வேலை செய்தவர்கள், எங்கே நசுங்குகிறது, எங்கே பிளக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தவை. காட்டுத் துப்பாக்கியோ இலேசாக இருக்க வேண்டும் என்ற ஒரே கணக்கில் பிறந்து, மூன்று ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டில் அப்பா காம்பு போடும்போதும், தச்சர் கதவு பொருத்தும்போதும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் மை படிகிறது, எந்த இடத்தைச் சுரண்டுகிறார் என்று கேட்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.